சிறு கல்லூரியின் பெருந்தோல்வி

விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வெற்றியைப் பற்றியே பேசுவர். நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு தோல்வி. அதுவும் சாதாரணத் தோல்வியன்று. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடைபெற்ற கால்பந்துப் பந்தயங்களிலே அதனினும் பெரிய தோல்வி அதற்கு முன்பும் இல்லை. அதற்குப் பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் ஏற்படவில்லை. 1916-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதி, சனிக்கிழமை பிற்பகல், அட்லாண்டா நகரத்துக் கிராண்ட் மைதானத்தில், ஜார்ஜியா டெக் என்னும் தொழிற்கல்லூரியும் கம்பர்லண்டு என்னும் சிறு கல்லூரியும் பொருதின. ஆட்டம் முடிந்தபோது தொழிற்கல்லூரியாரின் கணக்கில் 222 புள்ளிகள் இருந்தன. கம்பர்லண்டாரின் கணக்கில் ஒன்றும் இல்லை.

கிரிக்கெட் ஆட்டத்திலே பழகிய நம் செவிகளுக்கு 222 என்பது பெரிய எண்ணாகத் தோன்றாது. ஒரு குழு ஒரு நாள் முழுதும் நிதானமாக ஆடிச் சேர்க்கக்கூடிய ஓட்டங்கள்தாம் அவை என்று எண்ணத் தோன்றும். ஆதலின் முதலில் அந்த ஆட்டத்தின் இயல்பைச் சிறிது விளக்கிவிடுகிறேன். அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் உதைத்து ஆடும் கால்பந்து அன்று. காலுக்கு அதில் வேலை மிகக் குறைவு. முட்டை வடிவான பந்து ஒன்றைக் கையிலே அணைத்துக்கொண்டு, எதிர்ப் பக்கத்தார் பதினொருவரும் மேலே விழுந்து மடக்குவதற்குள் ஓடவேண்டும். நூறு கஜ நீளமுள்ள களத்தின் எல்லைக் கோட்டைப் பந்துடன் கடந்துவிட்டால் ஆறு புள்ளிகள். அதன் பின்னர்ப் பந்தைக் கம்பங்களின் நடுவே உதைத்து அனுப்பினால் மேலும் ஒரு புள்ளி. பந்தை வைத்திருக்கும் குழுவுக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அந்த நான்குக்குள் பத்துக் கஜமாவது முன்னேறினால் புதிதாக நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேறாவிடில் பந்து மாற்றாரிடம் போய்விடும். நம் ஊர்ச் சடுகுடுவில் பாடிக்கொண்டு போனவனைப் பலர் சேர்ந்து பிடித்து அமுக்குவதையும், நிலத்தைச் சாண் சாணாக வென்றெடுக்கும் ஒரு போரையும் சேர்த்துக் கற்பனை செய்துகொண்டால் ஒருவாறு விளங்கும்.

அக்காலத்தில் முப்பது நாற்பது புள்ளிகளில் வெல்வதே அபாரமான வெற்றி எனக் கொள்ளப்பட்டது. வலிமையில் ஒத்த இரு குழுக்கள் ஆடினால் மாலை முழுதும் முயன்று ஏழோ பத்தோ எடுப்பர். அத்தகைய ஆட்டத்திலே 222 என்றால், எல்லைக் கோட்டை 32 முறை கடந்திருக்கிறார்கள். பின்னர் உதைத்த 32 உதைகளில் 30 பலித்திருக்கின்றன. பெருக்கிக் கூட்டிப் பார்ப்பவர்கள் கணக்குச் சரியாக வருவதைக் காண்பார்கள்.

எப்படி நிகழ்ந்தது இது? வலியவன் எளியவனை அடித்தான் என்று இரண்டே சொல்லில் விடை கூறிவிடலாம். அந்த விடை எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. இந்தத் தோல்விக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தப் பத்திரமும், ஒரு பழைய மனத்தாங்கலும், எண்களைப் பற்றிய ஒரு வாதமும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன்.

டென்னஸி மாநிலத்தின் தலைநகரான நாஷ்வில்லுக்குக் கிழக்கே முப்பது மைல் அளவில் லெபனன் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் 1842-இல் தோன்றியது கம்பர்லண்டுக் கல்லூரி. சர்வகலாசாலை என்று பெயர் தாங்கியிருந்தாலும் மாணவர் தொகையில் அது சிறு நிறுவனமே. உள்நாட்டுப் போரின்போது அதன் கட்டிடம் தீக்கிரையாயிற்று. சாம்பலிலிருந்து மறுபடி எழுந்தது. 1847-இல் தொடங்கிய அதன் சட்டப் பகுதிக்கு நாடெங்கும் நற்பெயர் இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வீற்றிருந்த ஹவல் ஜாக்ஸன், ஹொரேஸ் லர்ட்டன் இருவரும் அங்கே சட்டம் பயின்றவர்கள். பின்னாளில் ரூஸ்வெல்ட்டின் வெளியுறவு மந்திரியாக விளங்கி, 1945-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற கார்டெல் ஹல் 1891-இல் அங்கேதான் பட்டம் பெற்றார். வழக்கறிஞர்களை உண்டாக்கும் ஊர் அது. பயில்வான்களை உண்டாக்கும் ஊர் அன்று.

ஆயினும் கால்பந்திலும் அக்கல்லூரி ஒரு காலத்தில் கொடி கட்டியது என்பதை மறக்கக்கூடாது. 1903-ஆம் ஆண்டில் கம்பர்லண்டார் வாண்டர்பில்ட்டை 6-0 என்று வென்றனர். அலபாமாவை 44-0 என்றும், லூயிசியானா மாநிலக் கல்லூரியை 41-0 என்றும், துலேனை 28-0 என்றும் தோற்கடித்தனர். இன்று அமெரிக்கச் சிறுவன் ஒருவனிடம் அலபாமாவின் பெயரைச் சொன்னால் கால்பந்துப் பேரரசு என்பான். அந்த அலபாமா ஒரு லெபனன் ஊர்க் கல்லூரியிடம் ஒரு புள்ளிகூடப் பெறாமல் திரும்பியது. அவ்வாண்டின் கடைசியில், நன்றியறிதல் திருநாளன்று, மான்ட்கமரி நகரில் தென்னாட்டுத் தலைமைக்காக நடந்த பந்தயத்திலே கம்பர்லண்டும் கிளெம்ஸன் கல்லூரியும் ஆளுக்குப் 11 புள்ளிகள் எடுத்துச் சமமாக நின்றன. அன்று கிளெம்ஸனுக்குப் பயிற்சி ஆசிரியராக இருந்தவரின் பெயர் ஜான் ஹைஸ்மன். அப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் 222 புள்ளிகள் எடுத்த குழுவின் ஆசிரியரும் அவரே.

சிறு கல்லூரிகள் பெருங்கல்லூரிகளை எதிர்த்து நிற்கக்கூடிய காலமாக அது இருந்தது. ஆட்டக்காரர் பதினொருவர் கிடைத்தால் போதும். மாற்று ஆட்கள் மிகுதியாக வேண்டியதில்லை. 1921-ஆம் ஆண்டிலே கூட, கென்டக்கி மாநிலத்துச் சென்டர் கல்லூரி ஹார்வர்டை 6-0 என்று வீழ்த்தி நாட்டைத் திகைக்க வைத்தது. ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. நகரங்களிலே பெரிய மைதானங்கள் எழுந்தன. பயிற்சி ஆசிரியர்களுக்குச் சம்பளம் ஏறியது. வெளியூர் சென்று ஆட ரயில் கட்டணம், உடுப்பு, மருத்துவச் செலவு எல்லாம் கூடின. பெரிய கல்லூரிகள் நுழைவுச் சீட்டு விற்று அதைச் சமாளித்தன. சிறு கல்லூரிகளுக்கோ பெரிய கல்லூரிகள் தரும் உத்தரவாதத் தொகையே வருமானம். அதாவது, “எங்கள் ஊருக்கு வந்து ஆடுங்கள், இவ்வளவு தருகிறோம்” என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வார்கள். வராமல் போனால் நஷ்ட ஈடு கொடுக்கவேண்டும் என்றும் எழுதிக்கொள்வார்கள். இன்றும் இந்த முறை அங்கே நின்றுவிடவில்லை. தொகைதான் பன்மடங்கு பெருகியிருக்கிறது.

1916-இல் கம்பர்லண்டுக் கல்லூரி பணமுடையால் தவித்தது. கால்பந்துக்கு இனிச் செலவு செய்ய இயலாது என்று கண்டு குழுவையே கலைத்துவிட்டது. ஜார்ஜியா டெக்குடன் அக்டோபரில் ஆடுவதாக எழுதிய ஒப்பந்தம் மட்டும் நின்றது. அதிலிருந்து விடுவிக்கும்படி கேட்டபோது ஹைஸ்மன் மறுத்துவிட்டார். வந்து ஆடினால் 500 டாலர் கிடைக்கும். வராவிட்டால் 3,000 டாலர் கட்டவேண்டும். ஆட்டத்தை விட்டுவிட்டதே பணமின்மையால். அப்படிப்பட்ட கல்லூரிக்கு 3,000 டாலர் என்பது விளையாட்டுக் காரியம் அன்று.

ஹைஸ்மன் ஏன் இவ்வளவு கடுமையாக நின்றார்? அவர் பண்பற்ற முரடர் அல்லர். சட்டம் படித்தவர், கோடை விடுமுறைகளிலே நாடக மேடை ஏறியவர். மாணவர்களிடம் மேடைத் தமிழ் போன்ற அலங்கார ஆங்கிலத்தில் பேசுவாராம். கால்பந்திலே பந்தைக் கையால் முன்னோக்கி எறிவதைச் சட்டம் அனுமதிக்கவேண்டும் என்று ஆண்டுக்கணக்காக வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். 1905-ஆம் ஆண்டில் மட்டும் அந்த ஆட்டத்தில் பதினெட்டுக்குக் குறையாத இளைஞர் உயிரிழந்ததாகப் பத்திரிகைகள் கணக்கிட்டன. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசவேண்டிய நிலை உண்டாயிற்று. ஒருவர்மேல் ஒருவர் குவிந்து நசுங்குவதைக் குறைக்க, 1906-இல் பந்தை முன்னே எறியும் விதி ஏற்கப்பட்டது. ஆட்டக்காரர்களின் உயிரைக் காக்கும் அந்த மாற்றத்தை விரும்பியவர் ஹைஸ்மன்.

அவருக்குக் கம்பர்லண்டின்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவர் ஜார்ஜியா டெக்கின் பேஸ்பால் குழுவுக்கும் பயிற்சி அளித்துவந்தார். 1916-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் கம்பர்லண்டுப் பேஸ்பால் குழு அவருடைய குழுவை 22-0 என்று அடித்துப் போட்டது. மாணவர்கள் என்ற பெயரில் நாஷ்வில்லிலிருந்து கூலிக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்தார்கள் என்பது ஹைஸ்மனின் ஐயம். அந்த ஐயம் மெய்யாயின் அவர் சினம் கொண்டதிலே வியப்பில்லை. ஆனால் சினத்துக்குக் காரணமானவர்கள் வேறு. அக்டோபரில் வந்து அடிபட்டவர்கள் பெரும்பாலும் வேறு.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே சுவையுள்ளதாகப் படுகிறது. அந்நாளில் பத்திரிகைகளின் விளையாட்டு எழுத்தாளர்கள் எக்குழு சிறந்தது என்பதைத் தீர்மானிக்க ஓர் எளிய வழி வைத்திருந்தனர். பருவம் முழுதும் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, மிகுதி எவருடையதோ அவரை உயர்த்தி எழுதிவிடுவார்கள். யாரிடம் எடுத்த புள்ளிகள் என்று பார்ப்பதில்லை. இந்த வழக்கம் அறிவுக்குப் பொருந்தாது என்று ஹைஸ்மன் கண்டித்து வந்தார். புள்ளி குவிப்பது எவ்வளவு எளிது என்பதை ஒரே நாளில் நிரூபித்துக் காட்டினேன் என்பது அவர் தரப்பு.

இனிக் கம்பர்லண்டாரிடம் வருவோம். ஒப்பந்தத்தைக் காப்பாற்ற ஒரு குழு வேண்டும், குழுவோ இல்லை. ஜார்ஜ் ஆலன் என்ற இருபது வயதுச் சட்ட மாணவர் அந்தப் பொறுப்பை ஏற்றார். பேஸ்பால் குழுவுக்கு மானேஜராக இருந்தவரும் அவரே. அவர் தாம் சேர்ந்திருந்த கப்பா சிக்மா என்னும் மாணவர் சங்கத்துத் தோழர்களையும், விடுதியில் அகப்பட்ட மற்றவர்களையும் திரட்டினார். ஏறக்குறைய 15 பேர் சேர்ந்தனர். அவர்களில் சிலர் முன்பு கால்பந்து ஆடியவர்கள், பலர் ஆடாதவர்கள். முறையான பயிற்சி என்பது பெயரளவிலேதான். வழியில் நாஷ்வில்லில் வண்டி நின்றபோது ஊர் பார்க்கப் போன மூவர் திரும்பி வந்து ஏறவில்லை என்று ஒரு கதை உண்டு. அம்மூவரும் வழி தவறினரா, அன்றி அறிவு தெளிந்தனரா என்று கேட்கத் தோன்றுகிறது.

எதிரே நின்றது எத்தகைய குழு? 1914-லிருந்து 1918 வரை 33 ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வி காணாத குழு. அதன் ஓட்டக்காரர்களில் எவரட் ஸ்ட்ரப்பர் என்பவர் காது சரிவரக் கேளாதவர். காலில் மட்டும் காற்று இருந்தது. மைதானத்தில் பார்வையாளர் ஆயிரம் பேர் அளவில் இருந்தனர். பெரிய பந்தயம் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை போலும்.

ஆட்டம் கம்பர்லண்டாரின் கையில் பந்துடன் தொடங்கியது. அவர்கள் பத்துக் கஜம் முன்னேற முடியாமல் பந்தை உதைத்துக் கொடுத்தனர். ஜார்ஜியா டெக் தன் முதல் முயற்சியிலேயே எல்லையைக் கடந்தது. மறுபடி கம்பர்லண்டாரிடம் பந்து வந்தது. கை நழுவி விழுந்தது. எதிரி ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடினான். மீண்டும் ஆறு புள்ளிகள். மூன்றாம் முறையும் பந்து நழுவியது. இரண்டே ஓட்டத்தில் மூன்றாவது எல்லை கடப்பு. இந்த முறையிலேயே முதற் காற்பகுதி சென்றது. அது முடிந்தபோது புள்ளி 63. இரண்டாவது காற்பகுதியிலும் சொல்லிவைத்தாற்போல் 63. இடைவேளையில் 126-0.

அந்த இடைவேளையில் ஹைஸ்மன் தம் மாணவர்களை நோக்கி, நாம் முந்தி நிற்கிறோம், ஆனாலும் அந்தக் கம்பர்லண்டுப் பிள்ளைகள் என்ன தந்திரம் ஒளித்து வைத்திருக்கிறார்களோ, விழிப்பாக இருங்கள் என்ற கருத்தில் பேசினாராம். நாடக நடிகர் அல்லவா? முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் சொல்லியிருப்பார்.

பிற்பாதி ஆட்டத்தின் நேரத்தை இரு சாராரும் இசைந்து குறைத்துக்கொண்டனர். அப்படியும் மூன்றாவது காற்பகுதியில் 54, நான்காவதில் 42. புள்ளிகள் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்தால் அடிப்பவர்களும் களைத்தார்கள் என்று கொள்ளலாம். ஓடியே ஏறத்தாழ 978 கஜம் கடந்திருக்கிறார்கள். பந்தை முன்னே எறியும் விதிக்காகப் போராடிய ஹைஸ்மனின் குழு அன்று ஒரு முறைகூட முன்னே எறியவில்லை. எறியவேண்டிய தேவையே நேரவில்லை. கம்பர்லண்டார் எறிந்து பார்த்தார்கள். எறிந்தவற்றுள் பல எதிரிகளின் கையிலே போய் விழுந்தன. இருபத்திரண்டு கஜம் வேண்டியிருந்த ஒரு நெருக்கடியில், பத்துக் கஜத்துக்கு எறிந்த பந்து ஒன்று நண்பன் கையில் சேர்ந்தது. அன்றைய பொழுதில் கம்பர்லண்டின் தலைசிறந்த சாதனை அதுவே என்பர்.

இன்னொரு விந்தை. அன்று இரு தரப்பிலும் பத்துக் கஜம் முன்னேறிப் புதிய வாய்ப்புப் பெற்றதாக ஒரு பதிவும் இல்லை. கம்பர்லண்டாரால் பத்துக் கஜம் போக இயலவில்லை. ஜார்ஜியா டெக்குக்கோ அப்படிப் படிப்படியாகப் போகவேண்டிய அவசியமே இல்லை. நான்கு வாய்ப்புகள் தீர்வதற்குள் எல்லையைத் தாண்டிவிட்டது. குறிப்பேட்டில் அந்த ஒரு வரியில் மட்டும் இரு குழுக்களும் சமம்.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பல வேடிக்கைக் கதைகள் வழங்குகின்றன. பந்தைத் தவறவிட்ட ஒருவன் அதைப் பொறுக்கும்படி தோழனைக் கூவினான் என்றும், தவறவிட்டவன் நீதானே, நீயே பொறுக்கிக்கொள் என்று தோழன் விலகிவிட்டான் என்றும் ஒரு கதை. பக்கவாட்டில் சுற்றி ஓடிய ஒருவர் ஆறு கஜம் மட்டுமே பின்வாங்க நேர்ந்ததைப் பெருஞ்சாதனையாகப் புகழ்ந்தார்கள் என்று இன்னொன்று. இவற்றில் எத்தனை அன்றே நிகழ்ந்தவை, எத்தனை பிற்காலத்து விருந்து மேசைகளிலே விளைந்தவை என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ஜார்ஜ் ஆலன் கதை சொல்வதிலே வல்லவர் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

சிரிப்பின் அடியிலே இருக்கும் மெய்ம்மையையும் பார்க்கவேண்டும். ஒரு மணி நேரத்தை நெருங்கி, தம்மினும் பருத்த, பழகிய ஆட்டக்காரர்கள் மேலே வந்து மோத, மோத, அந்த மாணவர்கள் மறுபடி மறுபடி எழுந்து நின்றார்கள். அப்போதைய தலைக்காப்பு மெல்லிய தோலால் ஆனது. முகத்துக்குக் காப்பே இல்லை. புள்ளி எண்பதைத் தாண்டிய பிறகு வெற்றி தோல்வி என்ற பேச்சு ஏது? இடையில் களத்தை விட்டு வெளியேறியிருந்தால், ஒப்பந்தம் நிறைவேறவில்லை என்று எதிர்ப் பக்கத்தார் வழக்காடியிருக்கக்கூடும். சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த அபாயம் தெரியாமல் இருந்திருக்காது. அவர்கள் ஆடியது ஜயிப்பதற்காக அன்று; கடைசி ஊதல் ஊதும்வரை களத்தில் இருப்பதற்காக. அந்த அளவில் அவர்கள் போன காரியம் பலித்தது. 3,000 டாலர் தண்டம் கட்ட நேரவில்லை.

ஹைஸ்மனின் நிரூபணம் பலித்ததா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை அடுத்த சனிக்கிழமையே கிடைத்தது. 222 புள்ளிகள் குவித்த அதே குழு, ஏழு நாள் கழித்து டேவிட்ஸன் என்ற மற்றொரு சிறு கல்லூரியோடு ஆடியது. எடுத்த புள்ளிகள் ஒன்பதே! அதற்கடுத்த வாரம் வட கரோலினாவுடன் 10-6. அதற்கும் அடுத்த வாரம் வாஷிங்டன் அண்டு லீ என்னும் கல்லூரியுடன் 7-7 என்று சமன். அவ்வாண்டு ஒன்பது ஆட்டங்களில் எட்டில் வென்று ஒன்றில் சமமாக நின்ற ஜார்ஜியா டெக் எடுத்த புள்ளிகளின் கூட்டுத் தொகை 421. அதிலே பாதிக்கு மேற்பட்டது ஒரே பிற்பகலில், குழுவே இல்லாத ஒரு கல்லூரியிடம் எடுத்தது. அதைக் கழித்துவிட்டால் எஞ்சிய எட்டு ஆட்டங்களுக்குச் சராசரி 25 புள்ளிகளுக்குக் கீழே வருகிறது. கூட்டுத் தொகையை மட்டும் பார்த்துத் தரம் பிரிக்கலாகாது என்று ஹைஸ்மன் சொன்னது முற்றிலும் மெய். அதை விளக்க அந்தப் பதினைந்து பிள்ளைகள் வேண்டியிருந்தார்களா என்பதில்தான் நான் அவரோடு மாறுபடுகிறேன். ஒரு பத்திரிகைக் கட்டுரையிலே நான்கு வரிகளில் சொல்லியிருக்கலாம்.

இதிலே இன்னொரு முரண்பாடும் உள்ளது. டேவிட்ஸனும் சிறு கல்லூரியே. ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற குழு ஒன்று இருந்தது. ஆகவே 222 என்ற எண் சிறு கல்லூரிக்கும் பெரிய கல்லூரிக்கும் உள்ள தூரத்தைக் காட்டுவதன்று. ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கும் ஆட்டத்தைக் கைவிட்டுவிட்ட ஒரு கல்லூரிக்கும் உள்ள தூரத்தைக் காட்டுவது. 1903-இல் அலபாமாவை 44 புள்ளிகளில் வென்ற ஊரிலேயே, பதின்மூன்று ஆண்டுகளில் ஆட்டத்துக்குச் செலவழிக்கப் பணம் இல்லாமற் போயிற்று என்ற செய்தி அந்த எண்ணுக்குள்ளே அடங்கியிருக்கிறது. விளையாட்டு நூல்களில் இந்த ஆட்டத்துக்கு இடம் தருவோர் சிரிக்க வைப்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். 1903-ஐயும் 1916-ஐயும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் குறைவு.

பின்னர் அவரவர் கதை அவரவர் வழியே சென்றது. ஜார்ஜியா டெக் 1917-இல் எல்லா ஆட்டங்களிலும் வென்று தேசத்தின் முதற்குழு என்று பெயர் பெற்றது. 1918-ஆம் ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையார் அதனை 32-0 என்று தோற்கடித்து தோல்வி காணாத அந்த நீண்ட தொடரை அறுத்தனர். ஹைஸ்மன் 1919 பருவத்தோடு அட்லாண்டாவை விட்டுச் சென்று வேறு கல்லூரிகளிலே பணியாற்றினார். இறுதியில் நியூயார்க்கில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் நிர்வாகியாக இருந்து 1936-இல் காலமானார். ஆண்டுதோறும் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு அந்தக் கழகம் 1935-இல் வழங்கத் தொடங்கிய பரிசுக்கு, அவர் மறைந்த பின் அவர் பெயரையே இட்டனர். இன்று ஹைஸ்மன் என்ற சொல்லைக் கேட்கும் அமெரிக்கர் மனிதரை நினைப்பதில்லை. அந்த வெண்கலப் பதுமையையே நினைக்கிறார்கள்.

ஜார்ஜ் ஆலன் வழக்கறிஞரானார். வாஷிங்டன் நகர நிர்வாகத்தில் உயர்ந்த பதவி வகித்தார். குடியரசுத் தலைவர் ட்ரூமனுக்கு நெருங்கிய நண்பராகி, 1946-இல் அரசாங்கத்தின் பெரிய கடன் வழங்கும் நிறுவனம் ஒன்றின் இயக்குநர்களில் ஒருவராக அமர்ந்தார். ஐசன்ஹோவருக்கும் அவர் தோழர். தாம் அறிந்த தலைவர்களைப் பற்றி 1950-இல் எழுதிய நூலுக்கு, தம்மை அறிந்த தலைவர்கள் என்று பொருள்படத் தலைகீழாகப் பெயர் வைத்தார். 222-0 என்ற எண்ணை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. சென்ற இடமெல்லாம் தாமே அதை எடுத்துச் சொல்லிச் சிரிப்பூட்டினார். 1973-இல் அவர் இறந்தார்.

அன்றைய ஆட்டத்தில் உருண்ட பந்து தப்பிப் பிழைத்தது. 2014-ஆம் ஆண்டில் அது ஏலத்துக்கு வந்து 40,388 டாலருக்கு விலைபோயிற்று. வாங்கியவர் அதை ஜார்ஜியா டெக்குக்கே நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்.

கம்பர்லண்டுக் கல்லூரியின் பணமுடை 1916-உடன் தீர்ந்துவிடவில்லை. புகழ்பெற்ற அதன் சட்டப் பகுதியை 1961-இல் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹம் நகரிலுள்ள ஹவர்ட் கல்லூரிக்குக் கொடுத்துவிட நேர்ந்தது. ஸாம்ஃபர்ட் சர்வகலாசாலை என்று இப்போது வழங்கும் அவ்விடத்தில், கம்பர்லண்டு என்ற பழைய பெயரோடேயே அச்சட்டக் கல்லூரி நடந்துவருகிறது. லெபனனில் எஞ்சிய தாய்க் கல்லூரி சில காலம் இரண்டாண்டுப் படிப்பு மட்டும் நடத்தி, மீண்டும் பட்டப் படிப்புக்கு உயர்ந்து சர்வகலாசாலை என்ற பெயரையும் மீட்டுக்கொண்டது. நெடுங்காலம் நின்றுபோயிருந்த கால்பந்து 1990-இல் அங்கே மறுபடி தொடங்கியது. தன் அளவுக்கு ஒத்த கல்லூரிகளுடன் அது ஆடிவருகிறது. சில ஆண்டுகளில் தோற்கிறது. சில ஆண்டுகளில் வெல்கிறது.